தினசரி ஜெபம்: பினாங்குச் சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஒரு தமிழ்ச் சபையின் ஜெபக்குழுவில் பல வருடங்களாக இருந்து வருகிறேன். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போதும், வீட்டுக் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதும் மக்கள் கேட்கிற கேள்விகள் இவை. மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என எந்தச் சபையாக இருந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். வசனங்களை நம் வீடுகளில் அதிகம் புழங்கும் பழைய திருப்புதலிலிருந்தே (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு) எடுத்திருக்கிறேன்.

தினமும் ஜெபிப்பதால் உண்மையில் என்ன பலன்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். கேட்டது கிடைப்பதுதான் ஜெபத்தின் பெரிய பலன் என்று நான் நினைக்கவில்லை. கிடைக்கவும் செய்கிறது, அதற்குச் சாட்சி சொல்ல நம் சபைகளில் ஆட்கள் நிறைய உண்டு. ஆனால் தினமும் ஜெபிக்கிறவருக்குள் மெல்ல நடக்கிற மாற்றம் அதைவிடப் பெரியது.

மாற்கு முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பர்நகூமில் முந்தின நாள் சாயங்காலம் ஊர் முழுவதும் வீட்டு வாசலில் கூடிவிட்டது. இயேசு இரவு வரைக்கும் நோயாளிகளைக் குணமாக்கினார். மறுநாள், "அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப்போய், அங்கே ஜெபம்பண்ணினார்." நாம் வழக்கமாக அந்த வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்து வருவதைப் படியுங்கள். சீமோன் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். இயேசுவோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம், அங்கேயும் பிரசங்கம் பண்ணவேண்டும் என்கிறார். ஊரே கூப்பிடும்போது அதை மறுத்து வேறு பக்கம் போகிற தெளிவு அவருக்கு அந்த இருட்டில் செய்த ஜெபத்தில் இருந்தது. யார் கூப்பிட்டாலும் ஓடி, யார் முகம் வாடினாலும் பயந்து வாழ்கிற நமக்கு இந்தத் தெளிவு எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், மனசாட்சி கூர்மையாகிறது. நேற்று மருமகளிடம் சொன்ன ஒரு சொல், கணக்கில் மறைத்த பத்து ரிங்கிட், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசிய பேச்சு, இவை எல்லாம் தேவனுக்கு முன்பாக உட்காரும்போது தானாக மேலே வருகின்றன. வாரக்கணக்கில் ஜெபிக்காமல் இருந்தால் அவை வருவதே இல்லை. நாம் நல்லவர்கள் என்ற நினைப்பு மட்டும் பத்திரமாக இருக்கும்.

சமாதானம் என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிலிப்பியர் 4-ஆம் அதிகாரம் 6-ஆம் வசனம் நம் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்கிறது. 7-ஆம் வசனத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட வாக்குத்தத்தம் என்ன? "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் உங்கள் சிந்தைகளையும் கிறிஸ்து இயேசுவுக்குள்ளாகக் காத்துக்கொள்ளும்." பிரச்சினை இன்றே தீரும் என்று அங்கே எழுதவில்லை. அதை எழுதிய பவுலே அப்போது காவலில் கட்டுண்டு இருந்தவர்.

இன்னொன்று என் அனுபவத்தில் கண்டது. ஜெபத்தின் பலன் ஜெபிக்கிறவர் கண்ணில் கடைசியாகத்தான் படுகிறது, வீட்டில் இருப்பவர்கள் முதலில் பார்த்துவிடுகிறார்கள். "எனக்கு ஒன்றும் மாறின மாதிரி தெரியலை" என்று ஒருவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற மனைவி, "இவர் இப்பெல்லாம் சாப்பாட்டு மேசையில கத்துறதில்லை ஐயா" என்றார். அவருக்கே அது செய்தியாக இருந்தது.

தேவனுக்கு எல்லாம் தெரியுமே, நாம் ஏன் சொல்ல வேண்டும்?

இதே கேள்வியை இயேசுவே எடுத்துக்கொள்கிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மத்தேயு 6:8-இல், "நீங்கள் வேண்டிக்கொள்ளுகிறதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று அவர் அறிந்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார். அவர் அறிந்திருப்பது நாம் பேசாமல் இருப்பதற்குக் காரணம் ஆகவில்லை. தைரியமாகப் பேசுவதற்கே காரணமாகிறது. தெரியாத ஒருவருக்கு நம் நிலைமையை விளக்கி, நம்பவைத்து, மனமிரங்கச் செய்ய வேண்டிய வேலை இங்கே இல்லை. அதனால்தான் அந்த ஜெபம் அவ்வளவு சின்னது.

ஞாயிறு ஆராதனைக்குப் போகிறோமே, அது போதாதா?

போதாது. பரமண்டல ஜெபத்தில் கேட்பது "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்றுதான். "இன்று" என்று கேட்கச் சொன்னவர், நாளையும் நாம் வந்து கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட டிடாக்கே என்ற போதனை நூல், இந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி விசுவாசிகளுக்கு அறிவுறுத்துகிறது. ஆரம்பத்திலிருந்தே இது தினசரி காரியம்.

அதிகாலையில்தான் ஜெபிக்க வேண்டுமா? எனக்கு ஷிப்ட் வேலை.

பினாங்கில் இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியதிலிருந்து நம் வீடுகளில் பாதிப் பேருடைய காலையும் இரவும் இடம் மாறிவிட்டன. காலை ஏழிலிருந்து இரவு ஏழு, இரவு ஏழிலிருந்து காலை ஏழு என்று பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவரிடம், "நாலு மணிக்கு எழுந்து ஜெபியுங்கள்" என்று மேடையிலிருந்து சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் குற்ற உணர்வோடு வீட்டுக்குப் போவார், அவ்வளவுதான்.

வேதத்தில் காலை ஜெபம் உண்டு, மற்ற வேளை ஜெபமும் உண்டு. தாவீது "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்" என்கிறார். தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டார். பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் நடுராத்திரியில் ஜெபித்துப் பாடினார்கள். இரவு வேலை செய்கிறவர்களுக்கென்றே எழுதின மாதிரி ஒரு சங்கீதமும் இருக்கிறது: 134. மூன்றே வசனம். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று கூப்பிடுகிறது. ஆலயத்தில் இரவுக் காவல் நின்றவர்களும் தூக்கத்தோடு போராடியவர்கள்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிறை என்ற ஊரிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர். பஸ் பினாங்குப் பாலத்தில் ஏறும்போது காதில் இயர்போனை மாட்டிக்கொள்வார். பாட்டு எதுவும் ஓடாது. யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருக்கத்தான் அது. முதலில் அந்த 134-ஆம் சங்கீதம், மனப்பாடமாக. பிறகு பிள்ளைகள் இருவர், மாமியார், லைனில் பக்கத்தில் நிற்கும் நேபாளிப் பெண், சூப்பர்வைசர், ஒவ்வொருவராகப் பேர் சொல்லி. கடைசியில் பரமண்டல ஜெபம். பாலம் 13.5 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் பஸ் தீவில் இறங்குவதற்குள் முடிந்துவிடும். நெரிசல் இருந்தால், "இன்னும் கொஞ்சம் பேருக்கு ஜெபிக்க நேரம் கிடைக்குது" என்பார். பாலத்தைப் பார்த்ததும் ஜெப நினைவு வந்துவிடுகிறது என்று அவரே சொல்கிறார். நேரத்தை விட, தினமும் தவறாமல் வருகிற ஒரு அடையாளம்தான் உதவுகிறது.

காலையில் முடிகிறவர்கள் காலையிலேயே செய்யுங்கள். அது மிக நல்லது, ஏனென்றால் அந்த நாளின் தொந்தரவுகள் இன்னும் கதவைத் தட்டியிருக்காது. நம் நாட்டில் அதற்கு ஒரு வசதியும் உண்டு. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து சூரியன் உதிக்க ஏழு மணி ஆகிவிடுகிறது. ஆறு மணிக்கு எழுந்தாலும் "இருட்டோடே" எழுந்த கணக்குத்தான். அந்த நேரத்தில் தாமானில் (குடியிருப்பில்) பள்ளிவாசலின் சுபுஹ் பாங்கு கேட்கும், பக்கத்து வீட்டு விளக்கு எரியும். அண்டை வீட்டார் தங்கள் தொழுகைக்கு எழுந்திருக்கிறார்கள். அதே வேளையில் நம் வீட்டிலும் ஒருவர் எழுந்து நம் ஆண்டவரோடு பேச உட்காரலாம்.

எவ்வளவு நேரம்?

தொடங்குகிறவர்களுக்குப் பத்து நிமிடம் போதும். அதைக் கூட்டுவதை விட, விடாமல் இருப்பதில் கவனம் வையுங்கள். ஒரு மணி நேரம் ஜெபிக்கிற பெரியவர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவர்களில் பலரும் பத்து நிமிடத்தில் தொடங்கியவர்கள்.

எனக்கு அழகாக ஜெபிக்க வராது. என்ன சொல்வது?

நம் சபைகளில் சிலர் வாயைத் திறந்தால் வசனமாகப் பொழிவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. ஆனால் நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனான் என்று இயேசு சொன்ன ஆயக்காரன் (வரி வசூலிக்கிறவன்) ஜெபித்தது ஒரே வரி: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." தண்ணீரில் அமிழ்ந்துகொண்டிருந்த பேதுரு சொன்னது இன்னும் சின்னது: "ஆண்டவரே, என்னை இரட்சியும்." இரண்டும் கேட்கப்பட்டன.

வார்த்தையே வராத நாளில் ஒரு சங்கீதத்தை உரக்கப் படியுங்கள். நூற்றைம்பது இருக்கின்றன, கோபத்துக்கு, நன்றிக்கு, பாவ அறிக்கைக்கு, தனிமைக்கு என்று எல்லாவற்றுக்கும் உண்டு. அதுவும் முடியவில்லையா? ரோமர் 8:26 சொல்வதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்." ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து பெருமூச்சு மட்டும் விட்டவர்களுக்கு இந்த வசனத்தின் அருமை தெரியும்.

என் பிள்ளைகளுக்குத் தமிழ் சரளமாக வராது. ஆங்கிலத்தில் ஜெபிக்கலாமா?

தாராளமாக. கலந்து பேசினாலும் பரவாயில்லை. வீட்டில் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே ஆண்டவரிடமும் பேசட்டும். ஆனால் ஒரு ஆசையை மட்டும் சொல்கிறேன். பரமண்டல ஜெபத்தையும் 23-ஆம் சங்கீதத்தையும் தமிழில் மனப்பாடம் செய்ய வையுங்கள். தாத்தா பாட்டியின் படுக்கை அருகே நின்று அவர்களோடு சேர்ந்து சொல்ல ஒரு நாள் வரும்.

எழுதி வைத்த ஜெபமா, சொந்த வார்த்தையா? எது சிறந்தது?

அம்மா கத்தோலிக்கர், அப்பா பெந்தெகொஸ்தே என்று இருக்கிற குடும்பங்களில் இது பெரிய விவாதமாகிவிடுகிறது. மத்தேயு 6:7-இல் இயேசு கண்டித்தது வீண்வார்த்தைகளை அலப்புவதை. திரும்பச் சொல்வதை அவர் கண்டிக்கவில்லை. கெத்செமனே தோட்டத்தில் அவரே மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே" சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 எழுதுகிறது. ஜெபமாலை உருட்டும் கையிலும் மனம் முழுமையாக இருக்கலாம். சொந்த வார்த்தையில் கத்தி ஜெபிக்கிறவரும் வாய்ப்பழக்கத்தில் அதே பத்துச் சொல்லைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். தமிழில் அச்சு எழுத்து கோர்த்து முதன்முதலாக அச்சான புத்தகமே ஜெபங்களும் அடிப்படைப் போதனையும் அடங்கிய "தம்பிரான் வணக்கம்" தான். கொல்லத்தில் 1578-இல் அச்சானது. எழுதப்பட்ட ஜெபம் நம் முன்னோர் நமக்காக வைத்துவிட்டுப் போன ஆஸ்தி. சோர்ந்த நாளில் அதில் சாய்ந்துகொள்ளுங்கள், பலமுள்ள நாளில் சொந்தமாகப் பேசுங்கள்.

ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் எங்கெங்கோ ஓடுகிறது.

ஓடத்தான் செய்யும். கண்ணை மூடியதும் கார் தவணை, டியூஷன் கட்டணம், அண்ணன் வாட்சாப்பில் போட்ட செய்தி என்று வரிசை கட்டும். அவற்றை விரட்டிக்கொண்டிருந்தால் அதிலேயே நேரம் போய்விடும். வந்ததையே ஜெபமாக்குங்கள். கார் தவணை நினைவுக்கு வந்தால், "ஆண்டவரே, இந்த மாதம் தவணை கட்ட வழி காட்டும்" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். மனம் எதைச் சுற்றுகிறதோ அதுதான் உண்மையில் நம் பாரம். அதை மறைத்து வைத்துவிட்டுப் பக்தியாகப் பேசுவதில் பயனில்லை.

கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். வேதத்தைக் கைப்பேசியில் படிக்கிறவர்கள் அச்சுப் புத்தகத்துக்கு மாறிப் பாருங்கள்.

ஜெபிக்கிறேன், ஆனால் ஒன்றுமே உணரவில்லை. தேவன் விலகிவிட்டாரா?

உணர்ச்சி வரும், போகும். கன்வென்ஷன் கூட்டத்தில் கண்ணீர் வந்தது என்பதற்காகத் தேவன் அன்றைக்கு அதிகமாக அருகில் இருந்தார் என்று இல்லை. செவ்வாய்க்கிழமை காலை சமையலறையில் வறட்சியாக இருக்கிறது என்பதற்காக அவர் தூரம் போய்விட்டார் என்றும் இல்லை.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அது ஆறு வசனத்துக்குள் துதியில் முடிந்துவிடும். ஆனால் 88-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை இருட்டு. கடைசியில் கூட விடியவில்லை. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, தேவனை நோக்கிச் சொல்லப்பட்ட ஜெபமாக இருக்கிறது. தேவன் தம் ஜனங்களின் கையில் இப்படி ஒரு ஜெபத்தையும் கொடுத்து வைத்திருக்கிறார் என்பது எனக்கு மிகப் பெரிய ஆறுதல். ஒன்றும் உணராமலே உட்கார்ந்திருக்கிற அந்தப் பத்து நிமிடம் விசுவாசத்தின் நேரம். அதில் நமக்குக் கிடைக்கிற இன்பம் ஒன்றுமில்லாததால், அவருக்காகவே உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெளிவாகிறது.

வருடக்கணக்காகக் கேட்டும் நடக்கவில்லை. என் விசுவாசம் குறைவா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மெதுவான குரலில்தான் கேட்பார்கள். குழந்தை இல்லாதவர்கள், மகன் போதைப்பழக்கத்தில் போய்விட்ட தாய்கள், கணவரை டயாலிசிஸ் மையத்துக்குக் கூட்டிப் போய் வருகிறவர்கள். அவர்களிடம் "விசுவாசம் போதவில்லை" என்று யாராவது ஏற்கனவே சொல்லியிருப்பார்கள். அது தவறான, மனதைக் காயப்படுத்துகிற போதனை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பவுல் தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. பதில் வந்தது: "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்." பவுலுக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொல்வார்கள்? அதற்கும் மேலே, கெத்செமனேயில் குமாரனே, "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று கேட்டார். பாடுகளின் அந்தப் பாத்திரம் நீங்கவில்லை. "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று சொல்லும் பலம் அவருக்கு அந்த இரவில் ஜெபத்தின் நடுவிலேதான் வந்தது. ஜெபித்த அவர் எழுந்து நடந்தார். "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று சொல்லியும் தூங்கிவிட்ட சீஷர்கள், அவரைப் பிடிக்க ஆட்கள் வந்ததும் ஓடிப்போனார்கள்.

ஆகவே கேட்பதை நிறுத்தாதீர்கள். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்காகவே லூக்கா 18-இல் விதவையின் உவமை சொல்லப்பட்டது. ஏன் இன்னும் நடக்கவில்லை என்பதற்குக் காரணம் சொல்ல நம்மில் யாருக்கும் அதிகாரம் இல்லை. கூட உட்கார்ந்து ஜெபிக்கலாம், அதைச் செய்வோம்.

மனச்சோர்வுக்கு ஜெபம் போதுமா, மருத்துவரிடம் போக வேண்டுமா?

இரண்டும் வேண்டும். எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது, தேவன் முதலில் கொடுத்தது தூக்கம், சுட்ட அப்பம், தண்ணீர், மறுபடியும் தூக்கம். கண்டிப்பு வரவில்லை. மெல்லிய சத்தத்தில் பேசியது அதற்குப் பிறகுதான். தூக்கமில்லாமல், சாப்பிடாமல், சாகத் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால், அன்றைக்கே அரசாங்கக் கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு ஆகாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இதே பதில்தான். ஜெபித்தோம் என்று மருந்தை நிறுத்த வேண்டாம்.

வீட்டில் நான் மட்டும்தான் கிறிஸ்தவர். எப்படி ஜெபிப்பது?

கல்யாணமாகி வந்தவர்கள், நடுவயதில் விசுவாசத்துக்கு வந்தவர்கள் நம்மிடையே நிறைய. சாமி அறை இருக்கிற வீட்டில் தனக்கென்று இடம் எங்கே என்று கேட்பார்கள். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று இயேசு சொன்னது இவர்களுக்கு நேரடியான வழி. படுக்கையறை, மாடிப்படி, துணி காயப்போடும் பால்கனி, எதுவும் அறைவீடுதான். சத்தம் தேவையில்லை. சாமுவேலின் தாய் அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள்.

அத்தையிடமோ கணவரிடமோ வாதம் செய்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ஜெபித்துவிட்டு வந்து தேநீர் போட்டுக் கொடுங்கள். முகம் கடுத்து எழுந்து வந்தால், அந்த ஜெபத்தைப் பற்றி வீட்டில் நல்ல எண்ணம் வராது.

மற்றவர்களுக்காக ஜெபிப்பதால் எனக்கு என்ன பலன்?

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், இப்போது மகனோடு ஃபிளாட்டில் இருக்கிறார். அவரிடம் ஒரு 555 நோட்டு இருக்கிறது. மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அந்தச் சின்ன நோட்டுத்தான். பென்சிலால் பக்கத்துக்கு ஒரு பேர், அதன் கீழே ஒரு வரி. பேத்தியின் எஸ்பிஎம் தேர்வு. மேல்மாடி மலாய்க்கார அம்மாவின் முழங்கால். காய்கறிக் கடைச் சீனரின் மகன் வேலை தேடுகிறான். ஜெபம் கேட்கப்பட்டால் பேருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை போடுவார். சில பக்கங்களில் தாள் பழுத்துவிட்டது, இன்னும் சிலுவை இல்லை. அந்தப் பக்கங்களையும் தினமும் புரட்டுகிறார்.

ஒரு பக்கத்தில் பேர் மட்டும் இருந்தது, கீழே ஒன்றும் எழுதவில்லை. யார் என்று கேட்டேன். சொந்தக்காரர், சேமித்து வைத்திருந்த பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றியவர். "பேரை எழுதவே எனக்கு ரொம்ப நாளாச்சு தம்பி. என்ன கேக்கறதுன்னு இன்னும் தெரியல. பேரை மட்டும் சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்பிடுவேன்" என்றார். உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபியுங்கள் என்ற கட்டளைக்கு இதைவிட நேர்மையான கீழ்ப்படிதலை நான் பார்த்ததில்லை. பகையாளியின் பேரைத் தினமும் தேவனுக்கு முன்பாகச் சொல்லிக்கொண்டே அவர்மேல் அதே வெறுப்பை வைத்திருப்பது கடினம். பாட்டி இப்போது அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் நலமா என்று விசாரிக்கிறார்.

ஆண்டவர் என்னிடம் பேசினார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேதத்துக்கு முரணானது எதுவும் அவர் குரல் இல்லை. கல்யாணம், பணம், வீடு விற்பது போன்ற காரியங்களில் "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்று ஒருவர் உங்களை அவசரப்படுத்தினால், பொறுங்கள். உங்கள் போதகரிடமோ ஃபாதரிடமோ, சபையில் முதிர்ந்த இரண்டு பேரிடமோ சொல்லிப் பாருங்கள். தேவன் சொன்னது ஒரு மாதம் காத்திருந்தாலும் மாறப்போவதில்லை.

வருடத்துக்கு ஒரு முறை புக்கிட் மெர்தாஜாம் போய் வேண்டிக்கொள்கிறோம். தினமும் ஜெபிப்பது அவ்வளவு அவசியமா?

ஜூலை 26-ஆம் தேதி புனித அன்னம்மாள் திருவிழாவையொட்டி அங்கே கூடுகிற கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். மெழுகுவர்த்தியோடு நிற்கிற முகங்களில் உண்மையான ஏக்கம் இருக்கிறது. அந்த யாத்திரையை விட வேண்டாம். ஆனால் அங்கே அழுது சொன்ன காரியத்தை ஆகஸ்ட் முதல் வாரத்தில் வீட்டிலும் சொல்லுங்கள். யாத்திரையில் பற்றிய தீ தினசரி ஜெபத்தில்தான் அணையாமல் இருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்து உபவாசத்துக்கும் இதையே சொல்வேன்.

குடும்ப ஜெபம் வைக்க முயன்றால் பிள்ளைகள் நெளிகிறார்கள்.

சுருக்குங்கள். ஒரு பாட்டு, சில வசனம், ஒவ்வொருவரும் ஒரு வரி. அப்பா அரை மணி நேரம் பிரசங்கம் செய்யக் கூடாது. அதிலும் பிள்ளைகள் அன்று செய்த தப்பைச் சாடைமாடையாக ஜெபத்தில் சொல்லிக் காட்டுவது கூடவே கூடாது. ஜெபத்தை அடிக்கிற பிரம்பாக்கினால் பெரியவர்களான பிறகு அதன் பக்கமே வரமாட்டார்கள். அவர்களையும் கேளுங்கள்: இன்று பள்ளியில் யாருக்காக ஜெபிக்கலாம்? வருகிற பேர்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

நடுவில் விட்டுப் போய்விட்டது. மறுபடி தொடங்க வெட்கமாக இருக்கிறது.

அவருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்று புலம்பல் 3:23 சொல்கிறது. விட்ட நாட்களுக்குச் சேர்த்து ஜெபிக்க வேண்டியதில்லை. இன்றைக்கு உட்காருங்கள்.

சரி, நாளைக்கே தொடங்க வேண்டும். என்ன செய்வது?

இன்றிரவே இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். வேதாகமத்தை அங்கே வைத்துவிடுங்கள். நாளை 5-ஆம் சங்கீதத்தை மெதுவாக, வாய்விட்டுப் படியுங்கள். "காலையிலே உமக்கு நேரே வந்து ஆயத்தமாகிக் காத்திருப்பேன்" என்ற வரி அதில் வரும். நேற்றைய நாளில் நன்றி சொல்ல ஒன்று, மன்னிப்புக் கேட்க ஒன்று சொல்லுங்கள். மூன்று பேரைப் பேர் சொல்லி ஒப்புக்கொடுங்கள், அதில் ஒருவர் உங்களுக்குப் பிடிக்காதவராக இருக்கட்டும். பரமண்டல ஜெபத்தோடு முடியுங்கள். ஒரு வாரம் போன பிறகு சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் சொல்லி, ஞாயிறுதோறும் "எப்படிப் போகுது?" என்று விசாரிக்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.